38 வயதில் 80 டெஸ்ட் பேக்கேஜ்: எடுக்கலாமா, வேண்டாமா?

கேள்வி, 12 ஜனவரி 2025

"எனக்கு 38 வயது. கோவையில் ஐடி வேலை. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. 80க்கும் மேல் டெஸ்ட் சேர்ந்த முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் பொங்கல் தள்ளுபடியில் வருகிறது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். டெஸ்ட் கூடக் கூட நல்லதுதானே? வருஷம் ஒரு தடவை இதை முடித்துவிட்டால் நிம்மதி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு எதுவும் இல்லை, டெஸ்ட்டும் எடுத்ததில்லை."

12 ஜனவரி, இரவு

தம்பி, பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள்.

நான் டாக்டர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், வயது 49. 2019இல் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து இதே மாதிரி ஒரு பேக்கேஜ் எடுத்தோம். மறுநாள் மாலை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ரிப்போர்ட் போனுக்கு வந்தது. பதினான்கு பக்கம். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி மட்டும் சிவப்பில்: சிஏ 125, 46. இருக்க வேண்டியது 35க்குள். அது என்ன டெஸ்ட் என்றே எனக்குத் தெரியாது. போனில் தேடினால் முதல் வரியிலேயே சினைப்பைப் புற்றுநோய் என்று வந்தது. என் பஸ் வந்து நின்று கிளம்பியும் போய்விட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம். இங்கே ஒரு ஸ்கேன், மதுரையில் இன்னொரு ஸ்கேன். பிள்ளைகள் இருவருக்கும் தெரியாமல் ராத்திரியில் அழுகை. கடைசியில் மதுரையில் ஒரு பெண் மருத்துவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ரத்தம் கொடுத்த அன்னைக்கு உங்களுக்கு மாதவிலக்கா?" ஆமாம், இரண்டாம் நாள். மாதவிலக்கு நாளில் அந்த எண் ஏறும், கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் ஏறும் என்றார். எனக்கு இரண்டும் இருந்தது. அடுத்த மாதம் திரும்ப எடுத்தபோது 19. "இந்த டெஸ்ட்டை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, பேக்கேஜில் இருந்தது. நல்லா இருக்கிற பெண்களுக்குப் புற்றுநோய் தேட அந்த டெஸ்ட் ஏற்றதே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அதனால் டெஸ்ட் கூடக் கூட நல்லது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

13 ஜனவரி

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதையும் போட்டுவிடுகிறேன். பல டெஸ்ட்டுகளில் "நார்மல்" என்பது ஆரோக்கியமான நூறு பேரை எடுத்தால் தொண்ணூற்றைந்து பேர் வந்து விழும் எல்லை. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனாலும் எல்லைக்கு வெளியே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத ஆளுக்கே ஏதாவது ஒன்றாவது தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. எண்பது எடுத்தால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

15 ஜனவரி

"அப்படியானால் ஒன்றுமே எடுக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அய்யோ, அப்படிச் சொல்லவில்லை.

எடுக்க வேண்டியது கொஞ்சம்தான். கண்டுபிடித்தால் மேற்கொண்டு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்ததால் பலனும் இருக்க வேண்டும். நம் நாட்டில் 30 வயது தாண்டிய எல்லோருக்கும் அரசாங்கமே பார்க்கச் சொல்வது ஐந்து: ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். உங்களுக்கு இதில் முதல் மூன்றும், கூடக் கொலஸ்ட்ராலும் போதும். வைட்டமின் டி, ஹார்மோன் வகையறாவை எல்லாம் விட்டுவிடுங்கள். தேவை வந்தால் டாக்டர் எழுதுவார்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு டேப் எடுங்கள். சர்க்கரை வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க, சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டு வந்தார்கள். ரத்தமே வேண்டாம். வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, 100ஐத் தொட்டால் 20. பெண்களுக்கு அதே கணக்கு 80இலும் 90இலும். உடலுழைப்பு நன்றாக இருந்தால் 0, மிதமாக என்றால் 20, உட்கார்ந்தே வேலை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம், உடனே ரத்தம் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள்.

16 ஜனவரி

பேன்ட் சைஸ் 34, அதாவது 86 செ.மீ., அதனால் இடுப்புக்கு 0 என்று போட்டிருக்கிறீர்கள். பேன்ட் சைஸ் கணக்கில் வராது தம்பி. பேன்ட் தொப்பைக்குக் கீழே அல்லவா நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

16 ஜனவரி, மாலை

98. சரி. 20, 10, 30, 10. மொத்தம் 70.

பொங்கல் முடிந்துவிட்டது. பேக்கேஜை விடுங்கள், ரத்தம் மட்டும் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை எடுத்தால் போதும்.

19 ஜனவரி

மேலே தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்துகிறேன். வெறும் வயிற்றில் மட்டும் எடுத்தால் போதாது. நம்மவர்கள் நிறைய பேருக்குக் காலையில் எடுத்தால் சரியாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுக்க வேண்டும். 140க்குள் என்றால் நல்லது, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் என்றால் விளிம்பில் நிற்கிறோம். கூடவே மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி. அதில் 5.7 முதல் 6.4 வரை விளிம்பு, 6.5இலிருந்து சர்க்கரை நோய். ரத்தசோகை இருக்கிறவர்களுக்கு இந்த ஹெச்பிஏ1சி தப்பான எண் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவு பிடிவாதமாக எழுதக் காரணம் என் அப்பா. அவருக்குப் பூட்டுப் பட்டறை. திண்டுக்கல் பூட்டு என்று ஊரே பேசுமே, அந்தப் பூட்டுக்கு நெம்புகோல் தேய்க்கிற வேலை. நாள் முழுக்க அரம் பிடித்த கை. பட்டறைத் தரை முழுக்க இரும்புத்தூள், வெறும் காலோடுதான் உட்காருவார். 2011இல் பெருவிரலுக்குக் கீழே ஒரு பிசிர் குத்தியது. வலிக்கவில்லை என்றார். வலிக்கவில்லை என்பதைத்தான் நாங்கள் தைரியமாக எடுத்துக்கொண்டோம். இருபது நாள் மஞ்சள் வைத்துக் கட்டினார். நாற்றம் வந்தபிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், சர்க்கரை 380. விரலை எடுத்தார்கள். கண்ணின் உள்ளே பார்த்த டாக்டர், இது நாலைந்து வருஷமாகவே இருந்திருக்கும், விழித்திரை வரை போயிருக்கிறது என்றார். அதுவரை அப்பா ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். கல் மாதிரிதான் இருந்தார், அந்தக் காலில் உணர்ச்சியே இல்லாமல்.

2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. இன்னும் 13.6 கோடிப் பேர் விளிம்பில். அப்பா மாதிரி அது தெரியாமலே நடமாடுகிறவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

27 ஜனவரி

ஒருவர் எழுதுகிறார்: "முழு உடல் பரிசோதனையால் ஆயுள் கூடுவதில்லை என்று ஆராய்ச்சியே சொல்கிறது. அப்புறம் எதற்கு இந்த ஐந்தும்?"

ஆமாம், அந்த ஆராய்ச்சி உண்மைதான். 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பு, அதாவது பல ஆய்வுகளின் முடிவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. 17 ஆய்வுகள், இரண்டரை லட்சம் பேர். பொதுவான உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டவர்களுக்கும் கூப்பிடாதவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவை எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே குடும்ப மருத்துவர் என்று ஒருவர் இருக்கிறார். சளிக்குப் போனாலும் பிரஷர் பார்த்துவிடுவார். கூப்பிடாதவர்களுக்கும் பாதிப் பரிசோதனை தானாகவே நடந்திருக்கும். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து விழுந்தபிறகுதான் பிரஷர் இருந்ததே தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த ஆய்வை வைத்து பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லுங்கள், சேர்ந்துகொள்கிறேன். பிரஷர் பார்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

2 பிப்ரவரி

பிரஷர் பார்ப்பது பற்றி. அம்மாவுக்கு 74 வயது. 2022இல் ஒரு முகாமில் 178 என்று சொல்லிப் பயமுறுத்தி அனுப்பினார்கள். நான் கூடவே இருந்தேன். மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்த கையோடு, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் பேரன் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் பார்த்த விதமே வேறு. முதலில் "அம்மா, பாத்ரூம் போய்ட்டு வாங்க" என்றார். முதுகு சாய்கிற நாற்காலி. இரண்டு காலும் தரையில். ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அம்மாவுக்கு அது பெரிய தண்டனை. ஜாக்கெட் கையை மேலே ஏற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு ஒரு தலையணையில் வைத்து, ஒரு தடவை பார்த்து, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. 152க்கு 88. இன்னொரு நாளும் அதே அளவு. மருந்து தேவைதான், ஆனால் 178க்குக் கொடுத்திருக்கக்கூடிய மருந்து இல்லை.

இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறார். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. போன மாதம் வந்தவர் அட்டையை எடுத்து மீதி மாத்திரையை எண்ணினார். பதினோரு மாத்திரை கூடுதலாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கேன்னு விட்டுட்டேன் தாயி" என்றார் அம்மா. அந்தப் பெண் கோபப்படவில்லை, திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். கண்டுபிடித்தது ஒரே நாள் வேலை. அதற்கப்புறம் மூன்று வருஷமாக இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு: ஆஸ்பத்திரியில் 140க்கு 90 என்பது எல்லை என்றால் வீட்டில் 135க்கு 85.

9 பிப்ரவரி

தம்பி, உங்கள் முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். "அம்மாவுக்கு எதுவும் இல்லை, டெஸ்ட்டும் எடுத்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அதை நான் தாண்டிப் போயிருக்கக்கூடாது. அம்மாவுக்கு எத்தனை வயது?

10 பிப்ரவரி

62. கடைசியாக டாக்டரைப் பார்த்தது உங்கள் தங்கை பிறந்தபோது.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான். அப்பாவுக்குப் பிறகு ஆண்கள் எல்லோரும் வருஷா வருஷம் சர்க்கரை பார்த்தார்கள். அம்மா, அண்ணி, நான், மூன்று பேரும் கூடப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். நான் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு முதல் தடவை போனபோது எனக்கு 44. போயிருக்க வேண்டியது 30இல்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. 2000இல் அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், ஒரு விளக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம் வினிகரில் இருக்கும் அதே அமிலம். கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். வெள்ளையாக மாறினால் சந்தேகம். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே அந்த இடத்தை உறையவைக்கும் குளிர்முறைச் சிகிச்சை. 2007இல் முடிவு வந்தது: அழைக்கப்படாத ஊர்களைவிட அழைக்கப்பட்ட ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, அதனால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. களிமண் தரை வீட்டில் இருந்து நடந்து வந்து, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு படுத்த பெண்களால் உலகத்துக்குத் தெரிந்த உண்மை இது. எனக்கு நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

நான் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன், பயப்படுகிற பெண்களுக்காக. ஒரு திரை, உள்ளே பெண்கள் மட்டும். கருவி வைக்கும்போது சில்லென்று இருந்தது. "மூச்சை மெதுவா விடுங்கக்கா" என்றார் நர்ஸ். மருந்து பட்டதும் லேசான எரிச்சல். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அறுபது எண்ணினார். முடிந்தது. உள்ளே போனது முதல் புடவையைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தது வரை பத்து நிமிஷம் ஆகவில்லை. அப்படியே மார்பையும் பார்த்தார்.

11 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. இப்போது உலக சுகாதார நிறுவனம் வினிகர் முறையைவிட ஹெச்பிவி டெஸ்ட்டைத்தான், அதாவது இந்தப் புற்றை வரவைக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான், முதலில் சொல்கிறது. 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதும். கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும், இதில் அது இல்லை. உங்கள் ஊரில் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

23 பிப்ரவரி

"என் சிநேகிதிக்குச் சும்மா எடுத்த கழுத்து ஸ்கேனில்தான் தைராய்டு புற்று தெரிந்தது, உயிர் பிழைத்தாள்" என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அவர் நலமாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் எல்லோரும் எடுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள் அக்கா, அதற்குக் கொரியாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தென் கொரியாவில் 1999இல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. தைராய்டு அதில் இல்லை, ஆனால் கொஞ்சம் பணம் கூடக் கட்டினால் கழுத்து ஸ்கேனும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் கொடுத்தன. 2011இல் பார்த்தால், 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டு புற்று. ஆனால் அதனால் சாகிறவர்கள் எண்ணிக்கை அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் சுரப்பியை இழந்து, சாகும்வரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். உங்கள் சிநேகிதியின் கட்டி எந்த வகை என்று நமக்குத் தெரியாது. கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், குரல் மாறினால் உடனே போங்கள். ஒன்றும் இல்லாதபோது ஸ்கேனுக்குப் போகாதீர்கள்.

இன்னொருவருக்கு: உங்கள் அம்மாவுக்கு 42இல் மார்பகப் புற்று என்றால் நான் மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. குடும்பத்தில் இருந்தால் கணக்கே வேறு. நேராக ஒரு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

16 மார்ச்

வாய்ப் பரிசோதனையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு இல்லாமல் மதியம் கழியாது. "புகையிலை போடலையே, வெறும் பாக்குதானே" என்பார். பாக்கே புற்று வரவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்து அம்மா வாயைப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவைதான் தேட வேண்டியது. அப்புறம் மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னேன். இரண்டுதான் போனது. பாக்கு போடுகிறவர்களுக்குத் தாடை இறுகுவதன் அடையாளம் அது. பல் மருத்துவரிடம் காட்டிவிட்டோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். பாக்கு டப்பா இப்போது என் பீரோவில். அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை.

6 ஏப்ரல்

தம்பி ரிசல்ட் போட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் 104, இரண்டு மணி நேரம் கழித்து 168, ஹெச்பிஏ1சி 6.1, பிரஷர் 138க்கு 88. விளிம்பில் நிற்கிறீர்கள். வாய் சுத்தம்.

மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்களை மாதிரி, இரண்டு மணி நேர சர்க்கரை 140க்கும் 200க்கும் நடுவில் இருந்த 531 பேரை வைத்து சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006இல் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களில் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.4. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. இது நம் ஊர் உடம்பில், நம் ஊர் சாப்பாட்டில் பார்த்தது. தினம் அரை மணி நடங்கள், தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், அடுத்த ஏப்ரலில் திரும்ப எடுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

20 ஏப்ரல்

நினைவூட்டுகிறேன்.

24 ஆகஸ்ட்

நாலு மாதம் கழித்து இன்று தம்பியிடமிருந்து தகவல். ஆகஸ்டில் தொடங்கிய "நலம் காக்கும் ஸ்டாலின்" சனிக்கிழமை முகாமுக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறார். வரமாட்டேன் என்று அடம் பிடித்தவரை, "எனக்குத்தான் சர்க்கரை வரப் போகுதாம், துணைக்கு வாங்கம்மா" என்று சொல்லி அழைத்துப் போனாராம். இந்தச் சொல்லை எல்லாப் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரஷர் 166க்கு 98, மறுவாரமும் அப்படியே. ரத்தசோகையும் இருக்கிறது. சர்க்கரை இல்லை. கர்ப்பப்பை வாயும் மார்பும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பல வருஷமாக இருந்த பின்தலை வலியை அடுப்புச் சூட்டால் வருகிறது என்றே நினைத்திருந்தாராம். டாக்டர் கேட்டபோதுதான் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார், மகனுக்கே அன்றுதான் தெரியும். தம்பியின் இடுப்பு இப்போது 94.

அண்ணிக்கு 51 வயது, இன்னும் போகவில்லை. வருகிற வியாழன் காலை ஒன்பது மணிக்கு நானும் அவளும் சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.